‘மட்டும்’ எந்தச் சொல்லைச் சார்ந்தது?
ஆரணிப் பட்டும் ஓர் ஆங்கில வினையடையும்

பட்டுச் சேலையோடு கடைக்காரர் தரும் சின்ன அட்டையில் இப்படி ஓர் ஆங்கில வாக்கியம் அச்சாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘திஸ் சாரி இஸ் ஒன்லி வோவன் இன் ஆரணி.’ ஏழே சொற்கள். இலக்கணப்படி பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதற்குக் குறைந்தது மூன்று பொருள் உண்டு. ‘இந்தச் சேலை ஆரணியில்தான் நெய்யப்படுகிறது, வேறு எந்த ஊரிலும் இல்லை’ என்பது ஒன்று. ‘இந்தச் சேலை ஆரணியில் நெய்யப்படுகிறது, அவ்வளவுதான், நூலும் ஜரிகையும் வேறு ஊர்களிலிருந்து வந்தவை’ என்பது இரண்டாவது. ‘ஆரணியில் நடப்பது நெசவு ஒன்றே, தைப்பதோ அச்சடிப்பதோ பூவேலையோ கிடையாது’ என்பது மூன்றாவது. முதல் பொருள் ஊருக்குப் பெருமை சேர்க்கிறது. இரண்டாவது அந்தப் பெருமையில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. சேலையை வாங்குபவர் எந்தப் பொருளில் படிக்கிறாரோ, அதற்கேற்ப அவர் மனத்தில் விலையும் மாறும்.

ஒருமையைச் சொல்லும் வினையடைகள் ஆங்கிலத்தில் பல: ஒன்லி, சோல்லி, எக்ஸ்குளூசிவ்லி, யுனீக்லி, சிங்குலர்லி. வரிச் சட்டமும் பன்னாட்டு உடன்படிக்கையும் ஏற்றுமதி விளம்பரமும் சேலை அட்டையும் இவற்றில் ஏதாவது ஒன்றை நம்பித்தான் நிற்கின்றன. கைத்தறியை நம்பி வாழும் ஒரு ஊருக்கு இந்தச் சொற்கள் வாக்கியத்தில் எங்கே நிற்கின்றன என்பது பிழைப்பைத் தொடும் கேள்வி. ஆரணியை எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கலாம்.

‘ஒன்லி’ பழைய ஆங்கிலத்தின் ‘ஆன்லிச்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் முதல் பாதி ‘ஒன்று’ என்னும் எண்ணுப்பெயர். அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று ஆங்கிலேயர் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாதாடி வருகிறார்கள். 1762-இல் இலக்கண நூல் எழுதிய பேராயர் ராபர்ட் லௌத், எதைத் தனிப்படுத்துகிறோமோ அதன் பக்கத்திலேயே ‘ஒன்லி’ நிற்க வேண்டும் என்றார். மூன்று வார்த்தைதான் பேசினேன் என்று சொல்ல வந்தவர் ‘ஒன்லி’யை வினைக்கு முன்னால் வைக்கக் கூடாது, ‘மூன்று’ என்பதற்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1926-இல் ஃபௌலர் தம் மொழிவழக்கு அகராதியில் மறுபக்கம் நின்றார். பொருள் தெளிவாக இருக்கும்போது, இயல்பாகப் பேசுகிறவரைப் பிடித்துத் திருத்துவது வீண் வேலை என்பது அவர் எண்ணம்.

பேச்சைப் பொறுத்தவரை ஃபௌலர் சொன்னதே சரி. பேசும்போது குரல் உதவிக்கு வருகிறது. ‘ஆரணி’ என்ற சொல்லை அழுத்திச் சொன்னால் முதல் பொருள் வரும், ‘வோவன்’ என்பதை அழுத்தினால் மற்றவை வரும். மாட்ஸ் ரூத் 1985-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு இதைத்தான் முறைப்படி விளக்கியது. ‘ஒன்லி’யின் பொருள் அது நிற்கும் இடத்தை மட்டும் சார்ந்ததில்லை, வாக்கியத்தில் எது அழுத்தம் பெறுகிறதோ அதைத் தேடிப்போய் அது ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அச்சடித்த அட்டையிலும் ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் குரல் கிடையாது. அங்கே லௌத்தின் கண்டிப்பு வேண்டியதாகிறது.

தமிழில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. தனிப்படுத்தும் உறுப்பை நாம் சொல்லின் வாலிலேயே கட்டிவிடுகிறோம். ஆரணியில்தான் நெய்தது, ஆரணியில் நெய்தது மட்டும்தான், ஆரணியில் நெசவு மட்டும் நடக்கிறது. மேலே சொன்ன மூன்று பொருளும் மூன்று வாக்கியமாக வந்துவிட்டன. ‘தான்’, ‘மட்டும்’, ஏகாரம் மூன்றும் தமக்கு முன்னால் உள்ள சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. ஆங்கிலச் சொல்லைப்போல மிதப்பதில்லை.

பழைய இலக்கணிகள் இதை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் இடையியல் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்கிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. நன்னூல் இசைநிறையைச் சேர்த்து ஆறாக்கியது. இவற்றில் இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை இரண்டு. பிரிநிலை என்பது கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து மற்றதை விலக்குவது. தேற்றம் என்பது உறுதிப்படுத்துவது. அதில் விலக்கு எதுவும் இல்லை. ‘அவனே கொண்டான்’ என்றால் வேறு யாரும் கொள்ளவில்லை என்றும் ஆகலாம், அவன் கொண்டது உறுதி என்றும் ஆகலாம். ஓர் எழுத்துக்குள் இந்த இரண்டும் அடங்கியிருப்பதைப் பிரித்துக் காட்டியது நம் இலக்கணத்தின் நுட்பம். பின்னால் இது நமக்கு மிகவும் பயன்படும்.

வடமொழித் தருக்கத்தில் ஏழாம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் தருமகீர்த்தி ‘ஏவ’ என்ற சொல்லை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்தார். அவர் தென்னாட்டில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. அவர் காட்டும் உதாரணங்களைத் தமிழில் நம் ஏகாரத்தால் அப்படியே சொல்லலாம். பார்த்தனே வில்லாளி என்றால் அவனுக்கு நிகர் வேறு ஆள் இல்லை என்று பொருள்; வில்லாண்மை மற்றவர்களிடமிருந்து விலக்கப்படுகிறது. சைத்திரன் வில்லாளியே என்றால் அவனிடம் அந்தத் திறம் இல்லை என்ற ஐயம் விலக்கப்படுகிறது. மற்றவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதில் உறுப்பு வினையோடு சேர்கிறது: நீலத் தாமரை இருக்கவே இருக்கிறது, அதாவது அப்படி ஒன்று அறவே இல்லாமல் போகவில்லை. இதை ஆரணிக்குக் கொண்டுவந்தால், ஆரணியே பட்டு நெய்யும் என்பது பொய். காஞ்சிபுரமும் திருபுவனமும் சேலமும் நெய்கின்றன. ஆரணி பட்டு நெய்வதே என்பது மெய். ஆரணியில் கைத்தறி ஓடவே ஓடுகிறது என்பது இன்றைய நிலையில் மிகவும் வேண்டிய மெய்.

இந்த இடத்தில் நம் ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஐ ஆம் ஃப்ரம் ஆரணி ஒன்லி’ என்று நாம் பேசினால் ஆங்கில ஆசிரியர்கள் சிவப்பு மையால் அடிப்பார்கள். இந்திய ஆங்கிலத்தை ஆராய்ந்தவர்கள் இதைப் பிழையாகப் பார்ப்பதில்லை. கிளாடியா லாங்கே 2012-இல் வெளியிட்ட, பேச்சு வழக்கு இந்திய ஆங்கிலத்தின் தொடரியல் பற்றிய நூலில், இந்த ‘ஒன்லி’யையும் ‘இட்செல்ஃப்’பையும் ஒரு முறைமை கொண்ட வழக்காகவே ஆராய்கிறார். நான் ஆரணிதான் என்ற தமிழின் ‘தான்’ அங்கே ஆங்கில உடையில் நிற்கிறது. சொல்லுக்குப் பின்னால் அது நிற்பதும் நம் வழக்கம்தான். தமிழர் மட்டுமின்றி இந்தி, மராத்தி, தெலுங்கு பேசுவோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் வியாபாரத்தில் இதற்கு ஒரு விலை உண்டு. ‘திஸ் இஸ் ப்யூர் சில்க் ஒன்லி’ என்று கடைக்காரர் சொல்வது தேற்றம்: சுத்தப் பட்டுதான், ஐயம் வேண்டாம். வெளிநாட்டவர் காதில் அது ‘வெறும்’ என்ற சாயலோடு விழக்கூடும். பிரிநிலையும் தேற்றமும் நமக்கு ஒரே உறுப்பில் அடங்குகின்றன. அவருக்குத் தேற்றம் அந்தச் சொல்லில் இல்லை. பேச்சில் முகமும் கையும் இந்த இடைவெளியை நிரப்பிவிடும். இணையத்தில் விற்பவர் எழுதும் குறிப்பில் அது நிரம்பாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஒரு ஊரின் பெயரால் ஒரு பொருள் விற்கும்போது, அந்தப் பெயருக்கு யாருக்கு உரிமை என்ற கேள்விக்கு உலக அளவில் முக்கியமான ஆவணங்களில் ஒன்று 1958-இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை. அதன் இரண்டாம் உறுப்பு, பொருளின் தரமோ பண்போ அந்தப் புவிச்சூழலாலேயே ‘எக்ஸ்குளூசிவ்லி ஆர் எசென்ஷியலி’ வந்திருக்க வேண்டும் என்கிறது. முற்றிலும் அதனாலேயே, அல்லது சாராம்சத்தில் அதனால். இயற்கையோடு மனித ஆற்றலையும் அந்தச் சூழலில் சேர்த்துக்கொள்கிறது. திராட்சை மதுவையும் பாலாடைக்கட்டியையும் மனத்தில் வைத்து எழுதிய வாக்கியம் இது. திராட்சைக் கொடி மண்ணில் வேரூன்றி நிற்கிறது. அதைப் பற்றி ‘முற்றிலும் இந்த மண்ணாலேயே’ என்று சொல்ல முடியும்.

1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தில், 22-ஆம் உறுப்பில், ‘எக்ஸ்குளூசிவ்லி’ மறைந்துபோயிற்று. ‘எசென்ஷியலி’ மட்டும் மிஞ்சியது. தரம் மட்டுமல்ல, பெயரும் புகழும்கூட ஓர் அடிப்படையாகச் சேர்ந்தன. இந்தியா அந்த வழியையே பின்பற்றி 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இயற்றியது. அது 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் வரையறையில் இன்னொரு வாசகமும் உண்டு. உற்பத்திப் பொருள்களைப் பொறுத்தவரை, உற்பத்தி, பக்குவப்படுத்தல், தயாரித்தல் ஆகியவற்றில் ஏதாவது ஒரு வேலை அந்தப் பகுதியில் நடந்தால் போதும். ‘மட்டுமே’ இருந்த இடத்தில் ‘ஒன்றாவது’ வந்து உட்கார்ந்தது.

இந்த மாற்றம் இல்லாமல் ஆரணிப் பட்டுக்குப் பதிவேட்டில் இடம் கிடைத்திருக்காது. சேலை உருவாகும் வழியைப் பார்த்தாலே இது தெரியும். பட்டுக்கூடு கர்நாடகத்திலிருந்தும், தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும் வருகிறது. ஜரிகைக்கு வெகுகாலமாகச் சூரத்து. காஞ்சிபுரத்தில் அரசின் தமிழ்நாடு ஜரிகை ஆலை இருக்கிறது. முறுக்கேற்றிய நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்துப் பசையை நீக்குகிறார்கள். அதில் எடை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். பிறகு சாயம். பிறகு பாவு ஓடுதல், பழைய பாவின் இழைகளோடு புதிய பாவை ஒவ்வொன்றாகப் பிணைத்தல், ஊடைக்குத் தார் சுற்றுதல். அதன்பிறகுதான் தறியில் நாடா ஓடுகிறது. தலைக்கு மேல் ஜக்கார்டுப் பெட்டியில் துளையிட்ட அட்டைகள் திரும்பத் திரும்ப, கரையிலும் முந்தியிலும் கோலம் விழுகிறது. வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் செய்யும் முன்வேலை இல்லாமல் தறியில் உட்காருபவர் ஒரு முழம்கூட நெய்ய முடியாது. அந்த உழைப்பு கூலிக் கணக்கில் தனியாக ஏறுவதும் இல்லை.

ஆக, ஆரணிச் சேலையின் இழை ஆரணியில் பிறந்ததில்லை. தங்கமும் வெள்ளியும் ஆரணியில் கிடைப்பதில்லை. ஆரணியில் பிறப்பது நெசவு. ஊரிலும், சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, முள்ளிப்பட்டு போன்ற ஊர்களிலும் வீட்டுக்குள் நடக்கும் அந்த வேலைதான் ‘ஏதாவது ஒன்று’. 1958-இன் முதல் வினையடையைக் கறாராகப் பிடித்திருந்தால், காஞ்சிபுரமும் பனாரசும்கூட நின்றிருக்குமா என்பது சந்தேகமே. வரையறையிலிருந்து ஒரு வினையடையை நீக்கியதால் கைத்தொழில் ஊர்களுக்கு வாசல் திறந்தது. நாம் பெரிதாகப் பேசிக்கொள்ளாத ஒரு நன்மை இது.

அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு, விட்ட சொல்லை வேறு இடத்தில் திரும்பக் கொண்டுவருகிறது. பதிவு செய்த பயன்பாட்டாளருக்குப் பெயரைப் பயன்படுத்தும் தனியுரிமை, அதாவது ‘எக்ஸ்குளூசிவ் ரைட்’ உண்டு என்கிறது. இங்கே அந்தச் சொல் பொருளின் தன்மையைச் சொல்லவில்லை, பெயரின் மீதுள்ள உரிமையைச் சொல்கிறது. அதையும் சட்டம் அளந்துதான் கொடுக்கிறது: பயன்பாட்டாளர் பலர் இருந்தால், ஒருவர் மற்றவருக்கு எதிராக அந்தத் தனியுரிமையைக் காட்ட முடியாது. ஊருக்கு வெளியே விலக்கும், ஊருக்கு உள்ளே பொதுவும் ஆன உரிமை. நெசவாளருக்கு இது பொருத்தமான ஏற்பாடு. பதிவு செய்து பயன்பாட்டாளர் ஆனால்தான் அந்த உரிமை கைக்கு வரும் என்பதையும், பத்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் தறியில் உட்காருபவர்களுக்குச் சொல்ல வேண்டியது கூட்டுறவுச் சங்கங்களின் கடமை.

‘எங்களுடையது மட்டும்தான்’ என்று சாதிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ரசகுல்லா நல்ல சாட்சி. வங்காளமும் ஒடிசாவும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டன. 2017-இல் வங்காள ரசகுல்லாவும் 2019-இல் ஒடிசா ரசகுல்லாவும் தனித்தனியாகப் பதிவாயின. இரண்டு பதிவும் அவரவர் வகைக்குத்தான். பண்டம் எங்களுடையது மட்டும் என்ற கட்சி யாருக்கும் கிடைக்கவில்லை. ஒரே பெயர் இரண்டு இடத்துக்கு இருந்தால் என்ன செய்வது என்பதற்கும் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் வழி உண்டு. தமிழகத்திலேயே ஆரணி இரண்டு: திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் பட்டும் அரிசியும் பேர்பெற்ற நகராட்சி, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரணியாற்றங்கரைப் பேரூராட்சி. பெயரே தனித்ததில்லை.

புகழும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரணியைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர்கள் பருத்தி மஸ்லினைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். மெல்லிய அந்தத் துணி ‘ஆர்ணி மஸ்லின்’ என்றே அழைக்கப்பட்டது. ஆலைத் துணி வந்தபின் அது மறைந்தது. அன்றைக்கு யாராவது ‘யுனீக்லி’ என்ற வினையடையை ஆரணியோடு சேர்த்திருந்தால் அது மஸ்லினைக் குறித்திருக்கும். இன்று அதே சொல் பட்டைக் குறிக்கிறது. விளம்பரக்காரர்கள் இந்தச் சொல்லை வாரி இறைப்பதில் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்: அது காலத்தை மறைக்கிறது. ‘யுனீக்லி ஆரணி’ என்று படிப்பவருக்கு, ஒரு தொழில் போய் இன்னொன்று வந்த கதையோ, நெசவுச் சமூகங்கள் வெவ்வேறு திசையிலிருந்து இங்கே வந்து குடியேறிய கதையோ தெரியாது. சௌராஷ்டிரர் வீட்டுத் தறியும் செங்குந்தர் வீட்டுத் தறியும் சேர்ந்ததுதான் இந்தப் பகுதியின் நெசவு.

சட்டத்தின் வாக்கியத்தில் இந்த வினையடை எப்படிக் கடிக்கும் என்பதற்கு வரித் துறையில் நல்ல வழக்குகள் உண்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, தொழிலுக்காக ‘ஹோலி அண்டு எக்ஸ்குளூசிவ்லி’ செய்த செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்றது. முழுமையாகவும் அதற்காகவே என்றும். பிரிட்டனிலும் இதே சொற்றொடர்தான். ஆன் மாலலியூ என்ற பெண் வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கென்றே கறுப்பு உடைகள் வாங்கினார். அவற்றை வெளுக்கவும் புதுப்பிக்கவும் ஆன செலவைக் கணக்கில் கழித்தார். கீழ் நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டன. 1983-இல் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. அவர் மனத்தில் தொழில் மட்டுமே இருந்திருக்கலாம். ஆனாலும் உடை என்பது குளிரைத் தடுக்கவும் மானத்தைக் காக்கவும் ஆனது, எனவே அந்தச் செலவு அதற்காகவே ஆனதில்லை என்றது தீர்ப்பு. துணியின் இயல்பே அந்த வினையடையைத் தோற்கடித்தது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1979-இல் சசூன் டேவிட் நிறுவனத்தின் வழக்கில் அதே சொற்களைத் தளர்த்தி வாசித்தது. ‘எக்ஸ்குளூசிவ்லி’ என்றால் ‘கட்டாயம் தேவைப்பட்டு’ என்று பொருளில்லை. தொழிலுக்காகச் செய்த செலவால் வேறொருவருக்கும் பயன் கிடைத்தால், அதனால் மட்டும் கழிவு போய்விடாது என்றது. இரு நாட்டு நீதிபதிகளும் ஒரே சொற்றொடரின் விலக்கும் ஆற்றலைத் தம் தம் போக்கில் அளந்தார்கள். ஆகவே அகராதியில் ‘மட்டும்’ என்று பொருள் பார்த்துவிட்டு நின்றுவிட முடியாது. எதை விலக்குகிறது, எவ்வளவு விலக்குகிறது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆரணித் தறிக்காரரின் சோற்றோடு நேராகச் சம்பந்தப்பட்ட வாக்கியம் 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவு, மத்திய அரசு குறிப்பிடும் துணிவகைகள் கைத்தறியால் மட்டுமே உற்பத்தி செய்யப்பட ஒதுக்கப்படும் என்கிறது. முதலில் 22 வகைகள் பட்டியலில் இருந்தன. பின்னர் அது 11 ஆகச் சுருங்கியது. சேலை இன்றும் அதில் இருக்கிறது. விசைத்தறி உரிமையாளர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இங்கே ‘மட்டுமே’ தறியின் வகையோடு கட்டப்பட்டிருக்கிறது, ஊரோடு இல்லை. கைத்தறி என்றால் என்ன என்பதையும் சட்டம் விலக்கியே சொல்கிறது: விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி.

இந்த வரையறையைத் தளர்த்த 2012 வாக்கில் ஒரு யோசனை வந்தது. நெசவின் கட்டங்களில் குறைந்தது ஒன்றில் மனிதக் கையோ மனித ஆற்றலோ தேவைப்பட்டால் அந்தத் தறியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். நெசவாளர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. சட்டத்தின் வரையறை மாறவில்லை. இந்த யோசனையில் வரும் ‘குறைந்தது ஒன்று’ புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் ‘ஏதாவது ஒன்று’ போலவே தோன்றும். தோற்றம்தான் அப்படி. இடத்தைப் பற்றிய வாக்கியத்தில் ‘ஒன்றாவது’ நியாயமானது. நூல் கர்நாடகத்தின் ராமநகரத்தில் திரிக்கப்பட்டு, ஜரிகை சூரத்தில் சுற்றப்பட்டு, நெசவு ஆரணியில் நடப்பதால் யாருடைய வேலையும் திருடு போவதில்லை. ஒவ்வொரு ஊரும் தன் கூலியைப் பெறுகிறது. கையைப் பற்றிய வாக்கியத்தில் ‘ஒன்றாவது’ வந்தால் கதை வேறு. மின்சாரம் நாடாவை அடிக்கும், கை பொத்தானை அழுத்தும், சேலை கைத்தறி என்ற பெயரில் விலைபோகும். நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்தவருக்குப் போட்டியாகச் சில மணிநேரத்தில் முடிந்த சேலை அதே பெயரோடு அதே அலமாரியில் நிற்கும். விசைத்தறியில் ஓடிய சேலையைக் கைத்தறி என்று விற்கிறார்கள் என்பது ஆரணி நெசவாளர்களின் நெடுநாள் புகார்.

என் முடிவு இதுதான். ஆரணி தன் ‘மட்டும்’ என்ற சொல்லை ஊர்ப்பெயரின் மீது செலவழிக்க வேண்டியதில்லை. கை என்ற சொல்லின் மீது அதை வைத்தால் போதும், அங்கே அதை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊரைத் தனிப்படுத்தினால் காஞ்சிபுரத்தோடு வீண் சண்டை. காஞ்சிபுரத்துச் சேலையைவிட எடையும் விலையும் குறைந்து, அன்றாட விசேஷங்களுக்கு உடுத்த ஏற்றதாக இருப்பதே ஆரணிச் சேலையின் பலம். ஆரணிப் பகுதியில் நெய்தது காஞ்சிபுரக் கடைகளுக்கும் போகிறது. தருமகீர்த்தியின் உதாரணத்தை வைத்துச் சொன்னால், ஆரணிக்குத் தேவை பார்த்தனின் ஏகாரம் இல்லை, சைத்திரனின் ஏகாரம். மற்ற ஊர் நெய்யவில்லை என்று அது நிறுவ வேண்டாம். தன் சேலை கையால் நெய்ததே என்று நிறுவினால் போதும்.

சேலையில் தொங்கும் முத்திரைகளும் இந்தக் கண்ணோடு பார்த்தால் தெளிவாகின்றன. மத்தியப் பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் 2004-இல் வந்த சில்க் மார்க், இழை சுத்தப் பட்டு என்பதற்கு உறுதி. எந்தத் தறியில் ஓடியது என்று அது சொல்லாது. விசைத்தறிச் சேலைக்கும் அது கிடைக்கும். 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் கையால் நெய்தது என்று சொல்லும். இழையின் சுத்தம் அதன் பேச்சில் இல்லை. புவிசார் குறியீடு ஊரைச் சொல்லும். மூன்றும் மூன்று வெவ்வேறு சொற்களின் மீது ‘தான்’ வைக்கின்றன. ஒன்றை இன்னொன்றாகப் படித்து ஏமாறுபவர்கள் ஏராளம். ‘சில்க் மார்க் இருக்கே, கைத்தறிதானே’ என்று கேட்பவரின் பிழை சேலையைப் பற்றிய பிழையில்லை. ‘தான்’ என்பதை எந்தச் சொல்லின் மேல் வைக்கலாம் என்பதில் வந்த பிழை.

ஆகவே அட்டை எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டுறவுச் சங்கமோ, தறி போட்டுக் கொடுக்கும் முதலாளியோ, இணையத்தில் விற்கும் இளைஞரோ, ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்காதீர்கள். ‘ஒன்லி’யை வினைக்கு முன்னால் மிதக்க விடாதீர்கள். இழை எது, ஜரிகை எந்தத் தரம், தறி எது, ஊர் எது என்று நான்கு சின்ன வாக்கியம் எழுதுங்கள். தறியைச் சொல்லும் வாக்கியத்தில் மட்டும் அந்தச் சொல்லை வையுங்கள், அதுவும் கைத்தறி என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே: ‘வோவன் ஒன்லி ஆன் எ ஹேண்ட்லூம்.’ அதற்கு மேலே முதல் வரியாகத் தமிழிலும் எழுதுங்கள்: கைத்தறியில் மட்டுமே நெய்தது. தமிழ் தெரிந்த வாங்குபவருக்கு அதைவிடத் தெளிவான உறுதிமொழி கிடையாது. நெய்தவரும் அதைப் படித்துச் சரிபார்க்க முடியும். ஆங்கில அட்டையில் தம் வேலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே தறியில் உட்காருபவர்கள் இன்றும் பலர்.

ஆரணியில் சேலை எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘இது ஆரணிப் பட்டுதானா?’ என்று கேட்டால் எந்தக் கடையிலும் ஆம் என்றுதான் பதில் வரும். ‘கைத்தறியில் மட்டும் நெய்ததா?’ என்று கேளுங்கள். ஆம் என்றால், பில்லில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.